பக்ஸ்டன்: ஒரு குழாயடியில் தொடங்கிப் பார்க்க வேண்டிய மலையூர் – முழுமையான வழிகாட்டி

மான்செஸ்டர் பிக்காடில்லி நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பக்ஸ்டன். டெர்பிஷையர் மாவட்டத்தின் மேட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். வருகிறவர்களில் பெரும்பாலோர் பிறை வடிவக் கட்டடத்தின் முன் படம் எடுத்து, தேநீர் குடித்து, பூங்காவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் அப்படிப் பார்த்தால், ஒரு அழகான பழைய ஊர் எதற்கு இந்தக் குளிர்க்காட்டில் முளைத்தது என்பது கடைசிவரை விளங்காது.

விடை சுண்ணாம்புப் பாறையில் இருக்கிறது. ஊற்று, குகை, பிரபுவின் பணம், கல்குவாரித் தூசு எல்லாம் அந்தப் பாறையோடு எப்படியோ ஒட்டிக்கொண்டவைதான். அதனால் இந்த வழிகாட்டி தண்ணீரின் வழியே போகிறது: அது வெளிவரும் இடம், அது ஊறி வந்த பாறை, ஆறுகள் பிரியும் மேடு, கடைசியில் ஆறு இறங்கும் பள்ளத்தாக்கு. குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கிளம்பும் முன்: வரைபடமும் கம்பளிச் சட்டையும்

முதலில் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 1951இல் அறிவிக்கப்பட்ட இதுதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்கோடு பக்ஸ்டன் அருகே வந்ததும் உள்ளே வளைந்து, யாரோ அப்பளத்தைக் கடித்த மாதிரி ஒரு துண்டை வெளியே விட்டிருக்கும். சுற்றிலும் பூங்கா, ஊர் மட்டும் பூங்காவில் இல்லை. காரணம் கல்குவாரிகள். ஊரைச் சுற்றிப் பெரிய அளவில் சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பகுதியையே விட்டுவிட்டுக் கோட்டை வரைந்தார்கள். ஊரின் கிழக்கே டன்ஸ்டெட் குவாரியில் இன்றும் வேலை நடக்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இதை அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கடிவாய்தான் பக்ஸ்டனைப் புரிந்துகொள்ளச் சரியான தொடக்கம்.

அடுத்தது உடை. கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு வந்துவிடாதீர்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு கதை சொன்னால் போதும். 1975இல் இங்கே டெர்பிஷையர், லங்காஷையர் அணிகளுக்கிடையே கவுண்டி ஆட்டம். சனிக்கிழமை கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் 167 ரன் விளாசினார். லங்காஷையர் 5 விக்கெட்டுக்கு 477. ஞாயிறு ஓய்வு. திங்கள், ஜூன் 2, மைதானம் முழுக்கப் பனி! அன்று ஆட்டமே இல்லை. மறுநாள் உருகிக் காய்ந்துகொண்டிருந்த ஆடுகளத்தில் டெர்பிஷையர் 42க்கும் 87க்கும் சுருண்டது. நடுவர்களில் ஒருவர் டிக்கி பேர்ட். ஜூன் மாதத்தில் பனி பெய்த ஊர் இது. மழைச் சட்டை, ஒரு கம்பளி, ஈரத்தில் வழுக்காத காலணி, இந்த மூன்றும் கட்டாயம்.

முதல் படி: காலிப் பாட்டிலோடு குழாயடிக்குப் போங்கள்

ரயில் நிலையத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் சில நிமிடத்தில் செயின்ட் ஆன் ஊற்று. பெரிய கிணற்றை எதிர்பார்க்காதீர்கள். பிறைக் கட்டடத்துக்கு எதிரே ஒரு சிறிய கல் மாடம், அதில் ஒரு குழாய், நிற்காமல் கொட்டும் நீர், அவ்வளவுதான். காசு கிடையாது. உள்ளூர்க்காரர்கள் கேனும் பாட்டிலுமாக வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். உங்கள் முறை வரும்வரை காத்திருங்கள்.

கையை நீட்டிப் பாருங்கள். சில்லென்று இருக்கும் என்று மனசு தயாராக இருக்கும், ஆனால் வெதுவெதுப்பாக இருக்கும். வருடம் முழுவதும் கிட்டத்தட்ட 27.5 டிகிரி செல்சியஸ். சூடு என்று சொல்ல முடியாது. விளாவிய குளியல் தண்ணீர் ஆறிப்போன பதம். மழை நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, பூமியின் ஆழத்தில் சூடேறி, மறுபடி மேலே வருகிறது. இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடித்துப் பார்த்தால் பெரிய சுவை ஒன்றும் இல்லை. ஆறவைத்துக் குடிப்பதே நல்லது.

இங்கே மனிதர்கள் அந்த மழைக்கும் முந்தியவர்கள். ஊரின் மேற்கு ஓரத்தில் உள்ள லிஸ்மோர் ஃபீல்ட்ஸில், புதிய கற்காலத்து விவசாயிகள் மரத்தூண் நட்டுக் கட்டிய வீடுகளின் தடயங்களை 1984இல் கண்டுபிடித்தார்கள். ரோமானியர்கள் வந்தபோது இந்த ஊற்று ஏற்கெனவே புனித இடமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் வைத்த பெயர் ஆக்வே ஆர்நெமெட்டியே. புனிதச் சோலையில் உறையும் ஆர்நெமெட்டியா என்ற உள்ளூர்த் தேவதையின் தண்ணீர் என்று பொருள். பிரிட்டனில் ‘ஆக்வே’ என்று பெயர் பெற்ற ரோமானிய ஊர்கள் இரண்டுதான். மற்றது, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பாத் நகரம். வடகிழக்கே ப்ரோ என்ற இடத்தில் இருந்த நாவியோ கோட்டையிலிருந்து இங்கே வந்த ரோமானியச் சாலைக்கு இன்றும் பாத்தம் கேட் என்று பெயர்.

பின்னால் தேவதை போய்ப் புனித அன்னம்மாள், அதாவது செயின்ட் ஆன், வந்தார். நடக்க முடியாமல் வந்து குணமானவர்கள் தங்கள் ஊன்றுகோல்களை அங்கேயே காணிக்கையாக விட்டுப் போனார்கள். 1538இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆளாக வந்த வில்லியம் பாசெட், அன்னம்மாள் சிலையையும் ஊன்றுகோல்களையும் அகற்றி, குளியல் இடங்களைப் பூட்டி முத்திரையும் வைத்தார். மூட்டு வலி உள்ளவனிடம் மதச் சீர்திருத்தம் எத்தனை நாள் செல்லும்? ஒரு தலைமுறை கழிவதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது. இப்போது வந்தவர்கள் பக்தியென்று சொல்லவில்லை, வைத்தியம் என்றார்கள்.

அப்படி வந்தவர்களில் பெரிய பெயர், ஸ்காட்லாந்து ராணி மேரி. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் கைதியாக, ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் இருந்தவர். 1573க்கும் 1584க்கும் இடையே வாத நோய்க்காகப் பலமுறை இங்கே அழைத்து வரப்பட்டார். அவரைத் தங்கவைத்த வீடுதான் இன்றைய ஓல்டு ஹால் ஹோட்டலின் மூலக் கட்டடம். குழாயடியிலிருந்து திரும்பினாலே தெரியும். குளிக்க வருகிற சாக்கில் யார் யாரைச் சந்திக்கிறாரோ என்று எலிசபெத்துக்கு ஓயாத சந்தேகம். ஊரைவிட்டுப் பிரிவதைப் பற்றி மேரி ஜன்னல் கண்ணாடியில் லத்தீனில் இரண்டு வரி கீறி வைத்தார் என்பார்கள்.

இரண்டாம் படி: பிறைக் கட்டடத்தை எதிர்மேட்டிலிருந்து பாருங்கள்

பக்கத்தில் நின்றால் தூண்கள் மட்டுமே தெரியும். எதிரே உள்ள புல்மேட்டுக்கு ஸ்லோப்ஸ் என்று பெயர். அதில் ஏறித் திரும்பினால் முழு வளைவும் கண்ணுக்குள் வரும். 1780களில் ஐந்தாம் டெவன்ஷையர் பிரபுவுக்காக, யார்க் நகரைச் சேர்ந்த ஜான் கார் கட்டியது. பாத் நகரத்துக்குப் போட்டியாக ஒரு ஊரை உருவாக்க வேண்டும் என்பது பிரபுவின் ஆசை. பணம் வந்தது ஸ்டாஃபோர்ட்ஷையரில் எக்டன் மலையில் இருந்த அவருடைய செம்புச் சுரங்கத்திலிருந்து. நடனக்கூடம், தங்கும் விடுதிகள் எல்லாம் ஒரே வளைவுக்குள் அமைந்தன. பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்து, 2020இல் மறுபடி ஹோட்டலாகத் திறந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: ஊரே சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கட்டடத்தின் கல் அது இல்லை. பழுப்பேறிய, சொரசொரப்பான மணற்பாறை. அது எங்கே கிடைக்கிறது என்பது நாலாம் படியில் தெரியும்.

பின்னால் தெரியும் பெரிய குவிமாடம் குதிரை லாயமாகப் பிறந்தது. பிறைக் கட்டட விருந்தினர்களின் குதிரைகளுக்காக ஜான் காரே கட்டியது. 110 குதிரைகள் நிற்கலாம். பிறகு ஏழை நோயாளிகளுக்கான மருத்துவமனையாக மாறியது. நடுமுற்றத்துக்குக் கூரை போடும் வேலை ராபர்ட் ரிப்பன் டியூக் என்பவரிடம் வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1879 டிசம்பரில் ஸ்காட்லாந்தில் டே பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. இரும்புக் கட்டுமானம் என்றாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கிய நேரம். டியூக் தன் இரும்புச் சட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். 1881வாக்கில் முடிந்தபோது அது ரோம் நகரின் பழைய பாந்தியன் கோயில் குவிமாடத்தைவிட அகலம்: சுமார் 44 மீட்டர். இப்போது கல்வி நிறுவனக் கட்டடம். உள்ளே விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். நடுவில் நின்று கை தட்டினால் சத்தம் திரும்பி உங்கள் தலைமேலேயே விழும்.

ஃபிராங்க் மாட்சம் வடிவமைத்து 1903இல் திறந்த ஆபரா ஹவுஸ், எட்வர்ட் மில்னர் அமைத்த பெவிலியன் பூங்கா, 1863இல் போட்டி போட்டுக்கொண்டு வந்த இரண்டு ரயில் கம்பெனிகளின் ஜோடி நிலையங்களில் இப்போது மிஞ்சியிருக்கும் விசிறி வடிவ ஜன்னல், இவற்றையெல்லாம் போகிற போக்கில் பார்த்துவிடலாம். பூங்காவில் ஓடும் சின்ன நீரோடையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் வை ஆறு. நாளைக்கு அதன் கூடவே நடக்கப் போகிறோம்.

மூன்றாம் படி: பாறைக்குள் இறங்கி, அதன் தலைமேல் ஏறுங்கள்

பூங்காவிலிருந்து கால் மணி நடையில் பூல்ஸ் கேவர்ன் குகை. பூல் என்ற கொள்ளைக்காரன் பதுங்கியிருந்தான் என்பது பெயர்க் கதை. அவனுக்கு மிக முன்பே ரோமானியர் காலத்தில் இங்கே உலோக வேலை நடந்திருக்கிறது. வழிகாட்டி கூடவே வருவார். உள்ளே எப்போதும் 7 டிகிரிதான். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.

இந்தக் குகையில் நான் அதிக நேரம் நின்ற இடம் ‘அரைவேக்காட்டு முட்டை’ அறை. தரையிலிருந்து வெள்ளையாகக் குட்டிக் குட்டித் தூண்கள் எழுந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆரஞ்சு நிறப் பொட்டு, உடையாத மஞ்சள் கரு மாதிரியே. மேலேயிருந்து ஒரு சொட்டு விழுகிறது, கருவின் நடுவில் பட்டுத் தெறிக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து அடுத்த சொட்டு. குகைத் தூண்கள் விரல் பருமன் வளரவே ஆயிரக்கணக்கான ஆண்டு ஆகும் என்று படித்திருப்போம். இவை அப்படியில்லை, வேகமாக வளர்கின்றன. ஏன் என்பது குகைக்குள் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது.

குகைக்கு மேலே உள்ள கிரின் லோ குன்றில் பல தலைமுறைகள் சுண்ணாம்புக் காளவாய் எரித்தார்கள். கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தபின் மிஞ்சிய சாம்பலும் சுண்ணாம்புக் கழிவும் குன்று முழுக்கக் கொட்டப்பட்டன. மழை அந்தக் கழிவைக் கரைத்துக்கொண்டு குகைக்குள் சொட்டுகிறது. கரைந்த சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் இறுகிக் கல்லாகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை மூடாமல் வைத்தால் மேலே ஏடு கட்டுமே, அதே ரசாயனம்தான். ஆகவே அந்த முட்டைகள் பாதி இயற்கை, பாதி தொழிற்கழிவு. எனக்கு அது அவற்றின் அழகைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

வெளியே வந்து காட்டு வழியே மேலே ஏறுங்கள். வழியில் பள்ளமும் மேடுமாகத் தரை ஒழுங்கில்லாமல் இருக்கும். அவையெல்லாம் பழைய காளவாய்களும் சாம்பல் மேடுகளும். நனைந்து இறுகிய அந்தச் சாம்பல் மேடுகளைக் குடைந்து, காளவாய்த் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உள்ளே குடியிருந்தார்கள். பிறைக் கட்டடத்தில் நடனம் ஆடிய காலத்திலும் இப்படி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். வெந்நீர் வைத்தியத்துக்கு வந்த கனவான்களுக்குக் குன்றின் மொட்டை வெள்ளை கண்ணை உறுத்தியதோ என்னவோ, 1820வாக்கில் டெவன்ஷையர் பிரபு அதன்மேல் மரம் நட்டு மறைத்தார். நீங்கள் நடக்கும் காடு அதுதான்.

காடு முடிந்ததும் புல்வெளி, உச்சியில் சிறு கோபுரம்: சாலமன்ஸ் டெம்பிள். கோயிலும் இல்லை, பைபிளில் வரும் சாலமனும் இல்லை. முன்பு இங்கே நின்ற கோபுரத்தோடு தொடர்புள்ள சாலமன் மைகாக் என்ற உள்ளூர்க்காரரின் பெயர் அது. இப்போதுள்ளது 1896இல் கட்டியது, வெண்கலக் காலத்து ஈமமேட்டின் மீது நிற்கிறது. குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 440 மீட்டர்.

படியேறி நாலு பக்கமும் பாருங்கள். அவசரமே வேண்டாம். கிழக்கிலும் தெற்கிலும் வெளிர்பச்சைப் புல், அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சாம்பல் நிறக் கல்வேலிகள். அது வெள்ளை பீக், சுண்ணாம்பு நாடு. மேற்கிலும் வடக்கிலும் பழுப்பும் கறுப்புமாக மேடு, வேலி குறைவு, மரம் இல்லை. அது இருண்ட பீக், மணற்பாறை நாடு. இரண்டும் உரசும் இடத்தில் ஊர். வடக்கே தூரத்தில் தட்டையாகத் தெரிவது கிண்டர் ஸ்கவுட். வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு மூடி வைத்திருந்த அந்த மேட்டில் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்கா வந்ததில் அந்த நடைக்கும் பங்கு உண்டு.

நாலாம் படி: ஆறுகள் பிரியும் மேடு

இதற்குக் கார் இருந்தால் நல்லது. தென்மேற்கே ஆக்ஸ் எட்ஜ் மூர், உச்சி 551 மீட்டர். டவ், மானிஃபோல்ட், வை, டேன், கோய்ட் என்று ஐந்து ஆறுகளின் தலைப்பு இந்த ஒரே மேட்டுப் பகுதியில். மூன்று ஆறுகள் கிழக்கே சுற்றி ட்ரென்ட் வழியாக வட கடலுக்குப் போகின்றன. டேனும் கோய்ட்டும் மேற்கே ஐரிஷ் கடலுக்கு. சாலை ஓரத்தில் நின்றால் இரண்டு பக்கமும் பெய்த மழை இரண்டு கடலுக்குப் போகும். தரை சொதசொதவென்று இருக்கும். மணற்பாறை தண்ணீரை எளிதில் உள்ளே விடாததால் மேலேயே தேங்கிக் கறுத்த பீட் மண் ஆகிவிடுகிறது. பிறைக் கட்டடத்தின் கல் இந்த வகைப் பாறைதான்.

மேக்கில்ஸ்ஃபீல்ட் சாலையில் 515 மீட்டர் உயரத்தில் கேட் அண்ட் ஃபிடில், பிரிட்டனின் இரண்டாவது உயரமான மதுவிடுதியாக இருந்தது. இப்போது அங்கே விஸ்கி வடிக்கிறார்கள். தெற்கே ஃப்ளாஷ் கிராமம், 463 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான கிராமம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நடந்தால், டெர்பிஷையர், செஷையர், ஸ்டாஃபோர்ட்ஷையர் மூன்றும் கூடும் த்ரீ ஷையர்ஸ் ஹெட் பாலம். ஒரு மாவட்டத்துக் காவலர் வந்தால் பாலத்தைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட வசதியான இடம் என்று கள்ள நாணயக்காரர்களைப் பற்றிக் கதைகள் சொல்வார்கள்.

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கோய்ட் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நீர்த்தேக்கங்கள்: ஃபெர்னிலி 1930களில், எர்வுட் 1960களில், கீழே ஸ்டாக்போர்ட் நகரத்துக்குத் தண்ணீர் தர. முதல் தேக்கத்துக்காக கிரிம்ஷா குடும்பத்தின் எர்வுட் ஹால் மாளிகையை இடித்தார்கள். சுவர்களின் அடிப்பகுதியும் குடும்பக் கல்லறையும் காட்டுக்குள் இருக்கின்றன. அவர்கள் நட்ட ரோடோடென்ட்ரான் பூச்செடி மட்டும் காடாகப் பெருகி, மே, ஜூனில் பூத்துக் குலுங்குகிறது.

ஐந்தாம் படி: வை ஆற்றோடு கீழே இறங்குங்கள்

இரண்டாம் நாள் முழுவதும் இதற்கு. ஊருக்குக் கிழக்கே ஏ6 சாலையில் வைடேல் கார் நிறுத்தம். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் பிளாக்வெல் மில். இங்கே வழி இரண்டாகும். ஒன்று மான்சல் டிரெயில்: 1960களின் கடைசியில் மூடிய ரயில் பாதை, இப்போது பேக்வெல் வரை சுமார் 13.5 கிலோமீட்டர் சமதளப் பாதை. சுரங்கங்கள் 2011இல் திறந்தபிறகு சைக்கிளிலும் சக்கர நாற்காலியிலும் போகலாம். இன்னொன்று சீ டேல்: ஆற்றின் விளிம்பிலேயே, செங்குத்துப் பாறைச் சுவருக்கு அடியில் போகும் ஒற்றையடிப் பாதை. ஓரிரு இடங்களில் பாதையே கிடையாது, தண்ணீருக்குள் வரிசையாகப் போட்ட மிதிகற்கள்தான்.

மழை பெய்த மறுநாள் சீ டேலுக்குப் போகாதீர்கள். நான் போனேன். முதல் மூன்று கற்கள் தெரிந்தன, நாலாவது தெரியவில்லை. இருக்கும் என்று நம்பிக் காலை வைத்தேன். இருந்தது, முழங்காலுக்குக் கீழே. பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு ரயில் பாதை வழியாகவே போனேன். காய்ந்த நாளில் போனால், மேலே பாறை ஏறுகிறவர்களின் பேச்சுக் குரலும் கீழே ட்ரவுட் மீன்களும் துணைக்கு.

கொஞ்ச தூரத்தில் லிட்டன் மில். இன்று அழகான குடியிருப்பு. பஞ்சாலையாக இருந்த காலத்தில் லண்டன் ஏழையர் விடுதிகளிலிருந்து குழந்தைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். ஆற்றின் வேகம்தான் சக்கரத்தைச் சுழற்றியது. ஊரிலிருந்து தள்ளி இருந்ததால் அடியும் பட்டினியும் வெளியே தெரியவில்லை. அதில் வளர்ந்த ராபர்ட் பிளின்கோ பின்னாளில் சொன்ன வாக்குமூலம் அச்சேறி, தொழிற்சாலைச் சட்டங்களுக்காகப் போராடியவர்கள் கையில் ஆயுதமானது.

அப்புறம் மான்சல் ஹெட். பள்ளத்தாக்கின் குறுக்கே ஐந்து வளைவுகளோடு 1863இல் கட்டிய ரயில் பாலம். இன்று எல்லோரும் படம் எடுக்கும் இந்தப் பாலத்தை அக்காலத்து எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கரித்துக் கொட்டினார்: பக்ஸ்டனில் உள்ள முட்டாள் அரை மணியில் பேக்வெல்லில் இருக்கலாம், பேக்வெல்லில் உள்ள முட்டாள் அரை மணியில் பக்ஸ்டனில் இருக்கலாம், இதற்காகவா ஒரு பள்ளத்தாக்கை அழித்தீர்கள் என்று. பாலத்தைப் பிடிக்காதவர்களுக்கு மேட்டு விடுதியின் வெளி மேசைகள் ஏற்ற இடம். ஆற்றின் வளைவு முழுதும் தெரியும். பசித்தால் டெர்பிஷையர் ஓட்கேக் கேளுங்கள். பெயர்தான் கேக், ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் ஊற்றி எடுக்கும் மெத்தென்ற தோசை.

மூன்றாம் நாள் இருந்தால்

ஜூலையில் வந்தால் கிணற்று அலங்காரத்தைத் தவறவிடாதீர்கள். டெவன்ஷையர் பிரபு மேட்டுச் சந்தைக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்ததற்கு நன்றியாக 1840இல் பக்ஸ்டனில் தொடங்கியது. ஊறவைத்த மரப்பலகையில் ஈரக் களிமண் பூசி, படத்தின் கோடுகளை ஆல்டர் மரத்தின் கறுப்புக் காய்களால் வரைந்து, உள்ளே பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்துவார்கள். கீழேயிருந்து மேலே, ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறும்படி. மழை பெய்தால் தண்ணீர் வழிந்தோட வேண்டுமே.

ஈம் (Eyam), காஸில்டன் என்ற பக்கத்து ஊர்கள் இரண்டுக்கும் தனித்தனி நாள் வேண்டும், இதில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் தென்கிழக்கே ஆர்பர் லோ போகலாம். புதிய கற்காலத்து மண்கரை வட்டம், உள்ளே ஏறத்தாழ 50 சுண்ணாம்புப் பாறைகள், எல்லாம் தரையில் படுத்துக் கிடக்கின்றன. கூட்டம் இருக்காது, ஆடுகள் இருக்கும். ஒரு பண்ணை வழியாகத்தான் போக வேண்டும். வாசலில் உள்ள பெட்டியில் போடச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.